இருபது முத்திரைக்கு இருபது காபி

"இருபது முத்திரை, முசியே! ரெண்டு வருஷம் ஊர் ஊராப் படுத்துச் சேர்த்தது. யாரோ காபியாக் குடிச்சுத் தீர்த்துட்டாங்க!"

மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி தணிகாசலம் உட்காராமலேயே கத்தினார். 1984 மே மாதக் காலை. ஓய்வுபெற்ற புதுச்சேரி போலீஸ் இன்ஸ்பெக்டர் தனிஸ்லாஸ் சவரத்தை நிறுத்தவில்லை. பக்கத்து சைக்கிள் கடை அம்மாவாசைதான் ஆர்வமாக நோட்டைத் திறந்தார்.

தணிகாசலம் தங்கும் லாட்ஜுக்குச் சேலம், சிதம்பரம், புதுச்சேரி என்று மூன்று கிளைகள். ஓர் இரவுக்கு அட்டையில் ஒரு முத்திரை. இருபது சேர்ந்தால் புதுச்சேரியில் கடல் பார்த்த அறை, இரண்டு நாள், இரண்டு பேருக்குச் சாப்பாட்டோடு. ஒரு முத்திரைக்கு ஒரு காபியும் வாங்கலாம். எந்த மடையனும் வாங்குவதில்லை. அட்டையை யார் நீட்டினாலும் செல்லும்.

சனிக்கிழமைக்கு அறை சொல்லியாயிற்று. புதன்கிழமை ஒரு ரிக்‌ஷாக்காரர் அட்டையை நீட்ட, இருபது ரிக்‌ஷாக்காரர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

"கலியமூர்த்திதான்! அதே கம்பெனி. அவன் அட்டையில பதினொண்ணுதான். வயித்தெரிச்சல்."

"அட்டை தொலைஞ்சா என்ன பண்ணுவாங்க?" என்றார் தனிஸ்லாஸ்.

"போன வருஷம் சட்டையோட ஊறிப் போச்சு. பேரேட்டைப் பார்த்துப் புதுசு கொடுத்தாங்க."

அம்மாவாசை ரிக்‌ஷா ஸ்டாண்டுக்கு ஓடி, வெறுங்கையோடு திரும்பினார். "வாயே தொறக்க மாட்டேங்கிறானுங்க. காபி விசுவாசம்."

மாலையில் தணிகாசலம், அவர் மனைவி வசந்தா, கலியமூர்த்தி மூவரையும் தனிஸ்லாஸ் வரவழைத்தார்.

"பொறாமைதான், ஒத்துக்கிறேன்," என்றார் கலியமூர்த்தி. "ஆனா எங்கிட்ட கிடைச்சிருந்தா என் பொண்டாட்டி பார்வதியக் கூட்டிப்போய்க் கடலைப் பார்த்துட்டு உக்காந்திருப்பேன்யா. காபி வாங்க நான் என்ன லூசா?"

"அதேதான்," என்றார் தனிஸ்லாஸ். "அனுபவிக்க எடுத்தவன் அறையை எடுப்பான். இந்த ஆளுக்கு அறை வேண்டாம். தணிகாசலத்துக்கும் கிடைக்கக் கூடாது."

"அட்டையைக் கிழிச்சிருக்கலாமே?" என்றார் அம்மாவாசை.

"கிழிச்சா லாட்ஜில புதுசு கொடுப்பாங்கய்யா. செலவழிச்சாத்தான் தீரும். அது யாருக்குத் தெரியும்? சட்டையைத் துவைச்சவங்களுக்கு."

வசந்தா தலைகுனியவில்லை. "நான்தான்."

"அடிப்பாவி!"

"கத்தாதீரும்," என்றார் தனிஸ்லாஸ். "முத்தியால்பேட்டையில வீடு. நடந்தா கால் மணியில கடல். உமக்கு அறை எதுக்கு?"

"இவளுக்குத்தான்... சொல்லாம கூட்டிப் போகலாம்னு..."

"சனிக்கிழமை சேலம் போறேன்னு எங்கிட்ட சொன்னாரு, முசியே," என்ற வசந்தா ஒரு கடிதத்தை எடுத்தாள். "அட்டையோட இதுவும் சட்டைப் பையில இருந்திச்சு. பேரு போடல. 'சனிக்கிழமை வந்துடறேன்'னு மட்டும். எனக்குக் கையெழுத்து தெரியல. அண்ணே, உங்களுக்குத் தெரியுதா பாருங்க."

கலியமூர்த்தி வாங்கிப் பார்த்தார். இரண்டே வரி. வெகுநேரம் படித்தார்.

"சனிக்கிழமை சேதராப்பட்டுல அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொன்னா பார்வதி," என்றார். "நானே பஸ் ஏத்தி விடறதா இருந்தேன்."