இன்னொரு திரை

இப்போதெல்லாம் யாரும் வீட்டுக்கு வந்து எதையும் சரிசெய்து தருவதில்லை. பொருளை விற்கிற வரைக்கும் வாசலில் வந்து பல்லிளிப்பார்கள். விற்றுவிட்டால் எல்லாம் போனில்தான். கிறிஸ்பின் ஒவெலார் இதைக் கம்ப்யூட்டர் கடைக்காரி ஸுனில்டாவிடமே சொன்னார், போனில்.

"டோன் கிறிஸ்பின், ஞாயித்துக்கிழமை மத்தியானம். ஊரே படுத்துத் தூங்குது. நான் எழுந்து பேசறதே பெரிசு."

"புதுத் திரை கறுப்பா இருக்கு."

"வயரைச் சரியாச் சொருகினீங்களா?"

"நாப்பது வருஷம் லாரி எஞ்சினைப் பிரிச்சவன்கிட்ட வயரைப் பத்திக் கேக்கறியா?"

மணி ஒன்றே கால். இரண்டுக்கு ஸ்பெயினிலிருந்து மகள் நிமியா கூப்பிடுவாள். அங்கே யாரையோ பெற்ற கிழங்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டுவது அவள் வேலை. அதனால் சொந்தக் கிழவனைத் திரையில்தான் பார்க்க முடியும். முகம் தெரியாமல் குரலை மட்டும் நம்பமாட்டாள். ஜூலையில் ஒரு ஞாயிறு அவர் எடுக்கவில்லை. போலீஸை விட்டுக் கதவை உடைக்கச் சொன்னாள். மறுநாள் ஒரே பேச்சு: "இன்னொரு தடவை எடுக்கலேன்னா வீட்டை வித்துடுவேன். தலைநகர் அசுன்சியோன்ல முதியோர் இல்லம் பாத்து வெச்சிருக்கேன்." செய்யக்கூடியவள்தான். பிடிவாதம் அவரிடமிருந்து போனது.

பழைய திரை மினுக்கத் தொடங்கியதால்தான் நேற்று புதிது வாங்கினார். பழையதைத் தூக்கிப்போய்ப் பின்னறையில், செத்துப்போன மனைவி எவுசேபியாவின் கட்டிலில் வைத்தார். அதன் மின்சார வயரை வெட்டி மின்விசிறிக்குப் போட்டுக்கொண்டார். நல்ல செம்பு, வீணாக்குவானேன்.

ஜன்னல் பலகைகள் எல்லாம் சாத்தியிருந்தன. வெளியே வடகாற்று செம்மண்ணை வாரிக் கதவில் இறைத்துக்கொண்டிருக்க, தகரக் கூரை வெயிலில் நெளிந்து டக் டக்கென்று சொடுக்க, குளிர்ந்த தெரெரே பானத்தின் ஜாடியில் கடைசிப் பனிக்கட்டியும் கரைந்து, மூலிகை வாசமும் பழைய துணி வாசமும் கலந்து அறைக்குள் கனத்துக் கிடந்தன. பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைக்கவில்லை.

திரை முழுக்கக் கறுப்பு என்றும் சொல்ல முடியாது. நடுவில் வெள்ளை அம்புக்குறி மட்டும் இருந்தது. மவுஸை இடப்பக்கம் தள்ளினார். அது ஓரத்தில் முட்டி நிற்கவில்லை. நழுவி அந்தப் பக்கம் போய்விட்டது.

"புரிஞ்சிடுச்சு. இன்னும் பழைய திரை இருக்கிறதா நினைச்சு எல்லாத்தையும் அதிலயே காட்டுது," என்றாள் ஸுனில்டா. "லினக்ஸ் சில நேரம் அப்படித்தான்."

"சும்மா வருதுன்னு சொல்லித்தானே போட்டுக் குடுத்தே. வேற எப்படி இருக்கும்."

"திட்டறதை அப்புறம் திட்டுங்க. நான் சொல்ற மூணு பொத்தானைச் சேத்து அமுக்குங்க."

கறுப்பில் வெள்ளை எழுத்துகள் வந்தன. அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவர் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். பழைய திரையை ஞாபகம் வைத்திருந்த ஃபைலை அழித்தார்கள். கம்ப்யூட்டர் பெட்டியை அணைத்துப் போட்டார்கள். மறுபடியும் கறுப்பு. மறுபடியும் அம்பு.

"இப்ப எந்தெந்தத் திரை சேந்திருக்குன்னு கேப்போம். அடிங்க."

இரண்டு வரி வந்தது. அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ரெண்டு போட்டிருக்கு. ரெண்டும் இணைஞ்சிருக்காம்."

"பழைய திரைக்குப் படம் போற வயரையும் பெட்டியில சொருகி வெச்சிருக்கீங்க."

"அது என் கையில இருக்கு."

"ஞாபகத்தைத்தான் அழிச்சிட்டமே. இந்த நிமிஷம் அந்தப் பக்கம் ஏதாவது இருந்தாத்தான் அது இப்படிச் சொல்லும்." பிறகு சொன்னாள்: "நாளைக்குக் காலையில வரேன், டோன் கிறிஸ்பின்."

"நாளைக்கு எனக்கு வீடே இருக்காது."

அவள் வைத்துவிட்டாள்.

பெட்டியைத் திரும்பப் போட்டார். கறுப்பு. அம்பு. இடப்பக்கம் தள்ளினார், போயிற்று. மவுஸிலிருந்து கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

அம்பு திரும்பி வந்தது.

தானாக. மெதுவாக, கதவிடுக்கில் தலையை நீட்டிப் பார்க்கிறவர் மாதிரி. திரை நடுவில் நின்றது. பிறகு இடப்பக்கமே போயிற்று.

இடப்பக்கம் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பின்னறை.

இரண்டு மணி. நிமியாவின் அழைப்பு மணி அடித்தது. மேசைமேல் இருந்த ஒலிபெருக்கியில் அல்ல. பின்னறையில். ஒன்று. இரண்டு. மூன்று.

யாரோ எடுத்தார்கள்.

"அப்பா, ஏன் இருட்டா இருக்கு?" நிமியாவின் குரல். "கொஞ்சம் முன்னாடி வா. ஆங், இப்பத் தெரியறே."

அவர் நடைவழியில் நின்றார். கதவடியில் நீல வெளிச்சம். அவள் பேசினாள், நிறுத்தினாள், காத்திருந்தாள், பதில் சொன்னாள். நடுவில் பேசிய குரல் அவர் காதில் விழவில்லை. திடீரென்று சிரித்தாள். அம்மா போனதிலிருந்து அவள் சிரித்து அவர் கேட்டதில்லை.

"இன்னைக்கு எவ்வளவு பேசறே, அப்பா. இப்படிப் பேசினாத்தானே எனக்கு நிம்மதி." காத்திருந்தாள். "இல்லப்பா. விக்கமாட்டேன். நீ அங்கயே இரு."

ஒரு விரலால் கதவைத் தள்ளினார்.

கட்டிலில் பழைய திரை எரிந்துகொண்டிருந்தது. வெட்டிய வயர்த் துண்டு பின்னால் தொங்கியது. எதிரே மெத்தையின் ஓரம் மட்டும், ஆள் உட்கார்ந்தது போல் அமுங்கியிருந்தது. திரை நிறைய நிமியாவின் முகம். மூலையில் சின்னக் கட்டம். அதில் அவருடைய கட்டம்போட்ட சட்டை. அவருடைய முகம். அது நிமியாவைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"யாருப்பா அங்க, கதவுகிட்ட?"

இடைவெளி.

"ஓ. யாருமில்லையா. சரி."

கிறிஸ்பின் ஆணியிலிருந்து தொப்பியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். வெயில் வெள்ளையாக அடித்தது. ஒரு கதவும் திறந்திருக்கவில்லை.

"ஸுனில்டா வயரைத்தான் தப்பாக் குடுத்திருக்கா," என்று செம்மண்ணைப் பார்த்துச் சொன்னார். அப்படியே நடந்தார், திரும்பிப் பார்க்காமல்.