உலைக்குப் போன பிள்ளை

"நீ மாடியிலயே இரு. நான் கூப்பிட்டா மட்டும் கீழ வா."

மாமியார் இதைச் சொன்னபோது பெரிய மருமகள் தொட்டில் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவனின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து கைக்குழந்தையோடு வரப்போகிற காலை. வீட்டைக் கழுவியது, துணி வெளுத்தது, வெந்நீர் வைத்தது எல்லாம் பெரியவள். குழந்தை உள்ளே வரும்போது மட்டும் அவள் முகம் தெரியக் கூடாது.

"நான் தொடாம இருந்தா போதாதா அத்தை?"

"மூணு தடவை வயித்துல புள்ள தங்காம போனவ நீ. உன் மேல கோபம் இல்ல... பயம். பச்சப்புள்ள பாரு."

சாப்பாட்டு மேசையில் அவள் கணவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். எதையும் குனிந்து உற்றுப் பார்ப்பதால் தம்பி அவனுக்கு வைத்த பெயர் மைக்ரோஸ்கோப்பு. ஆண்களின் விந்தணுவை ஆராய்கிறவன். கரு கலைந்தால் பெண்ணை மட்டும் சோதிப்பது பாதி வேலை என்று மேடை மேடையாகப் பேசுகிறவன். அந்த வாய் அம்மாவின் எதிரில் ரொட்டியைத்தான் மெல்லும்.

அப்படி அதைக் கட்டிப்போட்டதும் பெரியவள்தான்.

இரண்டாவது கரு கலைந்த வருடம் அது. அவன் ஆய்வுக்கூடத்தில், நோயாளிகளின் விந்து மாதிரியோடு ஒப்பிட, குறையில்லாத ஆண்களின் மாதிரி போதவில்லை. கொடுக்கிறேன் என்று வந்தவர்கள் வெட்கப்பட்டு நழுவினார்கள். நான் இருக்கேனே என்று தன்னுடையதையே குறையில்லாத வரிசையில் சேர்த்தான். ஊருக்கெல்லாம் புருஷனைச் சோதி என்று புத்தி சொன்னவனுக்கு, தன்னைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. முடிவு வந்தபோது அந்த ஒரு மாதிரி மட்டும் நோயாளிகள் கூட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

"ஜீன்ல தப்பு இல்ல," என்று அன்றைக்கு அவளிடம் சொன்னான். "எந்த ஜீன் திறக்கணும், எது மூடணும்னு அது மேல குறி இருக்கும். என்னோடதுல அந்தக் குறிங்க தாறுமாறாக் கிடக்கு."

"எதனால?"

"உறுதியா சொல்ல முடியாது. உலைச் சூடா இருக்கலாம்."

அப்பா செத்ததும் படிப்பை விட்டுவிட்டு, கண்ணாடித் தொழிற்சாலையின் உலை வாயில் வருடக்கணக்காக ராத்திரி ஷிப்டு நின்றவன் அவன். சின்னவன் படிக்க வேண்டும் என்று அனுப்பி வைத்தது அம்மா. தம்பி வேலைக்குப் போன பிறகுதான் விட்ட படிப்பைத் தொடர்ந்து இந்த ஆராய்ச்சிக்கு வந்தான்.

"அத்தைக்கு இது தெரியவே கூடாது," என்றாள் பெரியவள். "தாங்க மாட்டாங்க. பழி என் மேலயே இருக்கட்டும்."

அவன் தலையாட்டினான். அப்படித் தலையாட்டுவது அவனுக்கு வசதியாகவும் இருந்தது.

புது விந்தணு ஊறிக்கொண்டேதான் இருக்கும், குறி சரியாகலாம் என்று நம்பி இன்னொரு முறை காத்திருந்தார்கள். அதுவும் தங்கவில்லை. போகும்போது அவள் கர்ப்பப்பையையும் கொண்டுபோய்விட்டது.

இந்தக் காலையிலும் மாமியார் நிறுத்துவதாக இல்லை.

"உலையில வெந்து இந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினான் என் புள்ள. அவனுக்கு ஒண்ணைப் பெத்துக் குடுக்க உனக்கு வக்கில்ல."

பெரியவள் மடித்த துணியை வைத்துவிட்டு மாடிப்படி ஏறினாள்.

"அந்த உலையிலதாம்மா போச்சு," என்றான் அவன்.

"என்னடா போச்சு?"

"என்னங்க, வேண்டாம்," என்றாள் படியிலிருந்து.

"மூணும் என்னாலதான் போச்சு. குறை எனக்கு. நீ தாங்க மாட்டேன்னு அவ தன் தலையில போட்டுக்கிட்டா. நானும் பேசாம இருந்துட்டேன்."

மாமியார் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"உலையிலன்னா... நான் அனுப்பினேனே, அதுலயா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். அவன் ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"இருக்கலாம்மா. நிச்சயமா தெரியாது."

பெரியவள் இறங்கி வந்தாள். "அதெல்லாம் இல்ல அத்தை. உலையில நின்னவங்க எத்தனை பேர் நாலு பெத்து வச்சிருக்காங்க. இவருக்குப் பேசத் தெரியல."

"இப்பவும் எனக்காகப் பொய் சொல்ற." மாமியார் உட்கார்ந்தபடியே அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "நான் பேசின பேச்சுக்கு ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கலாமேடி..."

"திட்டினேன் அத்தை. பாத்திரம் கழுவறப்ப."

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அந்த அம்மாளின் தொண்டையிலிருந்து வந்தது. வாசலில் கார் வந்து நின்றது.

"நீ போ. போய் நீயே குழந்தையை வாங்கு."

வாய் போ என்றாலும் கைகள் அவள் இடுப்பை விடவில்லை. அவள் வயிற்றில், பழைய தையல் போட்ட இடத்தில், முகத்தைப் புதைத்துக்கொண்டு கிழவி அழுதாள். பெரியவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிறகு அந்த நரைத்த தலையின் மேல் வைத்தாள்.

வெளியே குழந்தை வீறிட்டது. சின்னவன் கதவைத் தட்டினான். பெரியவளின் கணவன்தான் எழுந்து போய்த் திறந்தான். பெண்கள் இருவரும் நகரவில்லை.