ஆழப் பக்கம் காலி

நவம்பர் பிறந்தால் எங்கள் ஹோட்டலில் மூன்று நீச்சல்குளங்களில் இரண்டை வடித்துவிடுவார்கள். மூன்றாவதை மட்டும் வெந்நீராக வைத்திருப்பார்கள். டகோட்டாவிலும் மின்னசோட்டாவிலும் பனி கொட்டத் தொடங்கியதும் காரை எடுத்துக்கொண்டு நெவாடா பாலைவனத்துக்கு வந்து இறங்கும் கிழவர் கிழவிகளுக்காகத்தான் இந்த ஏற்பாடு. பனிப்பறவைகள் என்போம். கணவன் உள்ளே சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் உட்காருவான். மனைவி முட்டிவலிக்கு வெந்நீரில் இறங்குவாள். மத்தியானம் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே சாப்பிடப் போவார்கள்.

என் பெயர் நெலிடா. பதினோரு வருஷம் அந்தக் குளத்து வாசலில் துண்டு கொடுத்தவள். என் தம்பி ஹசிந்தோ அங்கே உயிர்காப்பாளன். அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான்தான், அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். 

போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு ஆர்வில் லிண்ட்கிரென் வந்தார். ஒன்பது வருஷமாக மனைவி வெர்னாவோடு வந்தவர், இந்த முறை தனியாக. கையில் வெர்னாவின் மஞ்சள் ரப்பர் தொப்பி இருந்தது. பூப்பூவாக ஒட்டிய பழைய காலத்து நீச்சல் தொப்பி.

"என்னம்மா நெலிடா, இன்னும் உன்னைத் துரத்தாம வச்சிருக்காங்களா?"

"என்னைத் துரத்திட்டா உங்களை யார் திட்டுறது ஐயா?" என்றேன். வாய்தான் சிரித்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் மடித்த துண்டுகளையே மறுபடி மடித்தேன்.

அவர் துண்டு வாங்கவில்லை. நேராக ஆழப் பக்கம் போய், வெர்னா எப்போதும் பையை வைக்கும் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஏன் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மறைத்தது போதும்.

குளிர்காலத்தில் வெந்நீர்மேல் ஆவி எழும். பொழுது சாயச் சாய அது தடித்து, எதிர்க்கரையே தெரியாமல் போகும். மாலை நாலரைக்குக் குளத்தை மூடுவோம். சூடு போகாமலிருக்க ஒரு நீல விரிப்பு உண்டு. பொத்தானை அழுத்தினால் இரண்டு பக்கத்துத் தண்டவாளத்திலும் ஓடி வந்து இடைவெளி இல்லாமல் தண்ணீரை ஒட்டி மூடிக்கொள்ளும். மேலே ஆள் ஏறி நடக்கலாம், அவ்வளவு கெட்டி. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பொத்தான் அருகில் நிற்கும் நான் மூன்று முறை "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்த வேண்டும். ஹசிந்தோ ஆழப் பக்கம் போய், சுற்றிலும் பார்த்து, "காலி!" என்று பதில் கத்த வேண்டும். அதன் பிறகுதான் பொத்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. துண்டு வாங்குகிறவர்கள் அறைச்சாவி அட்டையை என் மேஜைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். துண்டைத் திருப்பித் தரும்போது அட்டை கிடைக்கும்.

அந்த வருஷம் ஜனவரியில் ஒரு மாலை, நாலரைக்கு என் பெட்டியில் ஒரு அட்டை மிஞ்சியிருந்தது. 614. வெர்னாவின் அட்டை. நான் பார்த்தேன். மறதிக் கிழவி, நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். மூன்று முறை கத்தினேன். ஹசிந்தோ போன் திரையில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டே, எட்டிக்கூடப் பார்க்காமல், "காலி!" என்றான்.

வெர்னா தண்ணீரில் இறங்குமுன் காது மிஷின் இரண்டையும் கழற்றிச் செருப்புக்குள் போட்டுவிடுவாள். நான் முப்பது முறை கத்தியிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது.

நான் பொத்தானை அழுத்தினேன்.

மறுநாள் காலை விரிப்பு சுருளச் சுருள மஞ்சள் தொப்பி தெரிந்தது. விரல் நகங்கள் எல்லாம் பிய்ந்திருந்தன. விரிப்பின் அடிப்பக்கத்தில் கீறல்கள்.

ஹசிந்தோ தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "அக்கா, என்னை ஜெயில்ல போட்டுருவாங்கக்கா. நான் பாக்கலக்கா."

"வாய மூடுடா" என்றேன். பெட்டியிலிருந்த 614 அட்டையை எடுத்து வெர்னாவின் அங்கிப் பையில் போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. அட்டை அவளிடம் இருந்ததால், மாலையில் வெளியே போய்விட்டு ராத்திரி வேலி தாண்டி வந்து தானாக விரிப்புக்கடியில் நுழைந்திருக்கிறாள் என்று போலீஸார் எழுதிக்கொண்டு போனார்கள். செத்தவள் சாட்சி சொல்ல வரப்போகிறாளா என்று நினைத்தேன்.

ஆர்வில் வந்த அன்று மாலை நாலரைக்கு நான் கத்தினேன்.

"யாராச்சும் இருக்கீங்களா?"

மூன்றாவது முறை கத்தி முடித்ததும் ஆவிக்குள்ளிருந்து 'கீ…' என்று ஒரு மெல்லிய சத்தம். காது மிஷினை உள்ளங்கையில் பொத்தினால் வருமே, அந்தச் சத்தம். அதன் பின்னாலேயே ஹசிந்தோவின் குரல்.

"காலி!"

பொத்தான்மேல் விரலை வைத்தேன்.

"யாரைக்கா கூப்பிடுற?"

ஹசிந்தோ என் முதுகுக்குப் பின்னால் நின்றான். கழிப்பறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குளத்தைச் சுற்றி வந்தோம். யாரும் இல்லை. வெர்னாவின் நாற்காலி மட்டும் நனைந்திருந்தது. ஆர்வில் தண்ணீரையே தொடவில்லை.

"அந்த ஆளு போற வரைக்கும் லீவு போட்டுட்டுப் போயிரலாமா அக்கா?"

"ரெண்டு பேரும் ஒண்ணா லீவு போட்டா சந்தேகம் வராதா? பேசாம இரு. இனிமே வாயால சொல்றது எதுவும் செல்லாது. நான் சுத்திப் பாக்குறேன், நீ பொத்தான்கிட்ட நில்லு. நான் திரும்பி வந்து உன் தோளைத் தொட்டாத்தான் அழுத்தணும். யார் குரல் கேட்டாலும் அழுத்தாத. என் குரல் கேட்டாலும் அழுத்தாத."

"சரிக்கா."

"என்ன சரி? திருப்பிச் சொல்லு."

"நீ தோளைத் தொட்டாத்தான் அழுத்தணும்" என்றான், பள்ளிக்கூடப் பையன்போல.

பதினைந்து நாள் அப்படியே ஓட்டினோம். நான் சுற்றி வரும்போதெல்லாம் ஆழப் பக்கத்தில் அந்தக் 'கீ' சத்தம் கேட்கும். சில நாள் என் குரல் எனக்கு முன்னாலேயே "காலி" என்று சொல்லும். ஹசிந்தோ பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். ஓடி வந்து அவன் தோளைத் தொட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

ஆர்வில் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. மாலை நாலரை. எல்லாரையும் அனுப்பிவிட்டு ஆழப் பக்கம் போனேன். அவர் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மூடப்போறோம் ஐயா."

"ஒரு நிமிஷம் உக்காரும்மா" என்றார். மெதுவாகத்தான் பேசினார். "அன்னைக்கு மத்தியானம் அவளைத் திட்டிட்டேன். ஓட்ஸ் கஞ்சிக்காக. நாப்பத்தேழு வருஷம் ஒண்ணா இருந்துட்டு ஓட்ஸ் கஞ்சிக்கு ஒரு சண்டை. நான் ரூமுக்கே போகாம விடிய விடிய சூதாட்ட இயந்திரத்து முன்னாடி உக்காந்துட்டேன், அவ கோவத்துலதான் ராத்திரி இங்க வந்திருக்கா. செவப்பு விளக்கைத் தாண்டி ரோட்டுல கால் வைக்க மாட்டா, அவ வேலி ஏறிக் குதிச்சான்னா நான் எவ்வளவு நோகடிச்சிருக்கணும்? நான்தான் அவளைக் கொன்னேன் நெலிடா."



சட்டைப்பையிலிருந்து இரண்டு காது மிஷினையும் எடுத்துக் காட்டினார். பேட்டரி மூடி இரண்டும் திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. "இங்க வந்ததுலேருந்து இது கத்துது. எனக்கு மட்டும் கேக்குதா, உனக்கும் கேக்குதா?"

அவர் கையிலேயே அது கத்தியது. 'கீ…'

"எனக்கு ஒண்ணும் கேக்கல ஐயா."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னைக்குச் சாயங்காலம் அவ வெளிய வந்தாளா? நீ பாத்தியா? இல்லன்னு நீ சொன்னா, நான் நிம்மதியாச் செத்துருவேன்."

கடவுளே, அங்கேயே சொல்லியிருக்கலாம். இல்லை என்ற ஒரு சொல். ஆவிக்கு அந்தப் பக்கம் பொத்தானருகில் என் தம்பி நின்றுகொண்டிருந்தான். அவன் குளிரில் காலை மாற்றி மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது.

"வந்தாங்க ஐயா" என்றேன். "நானே கையில அட்டையைக் கொடுத்தேன்."

அவர் தலையை ஆட்டினார். எழுந்து, தடியை ஊன்றிக்கொண்டு ஆவிக்குள் போனார்.

நான் சுற்றைத் தொடர்ந்தேன்.

கரையோரம் ஒரு ஜோடி செருப்பு இருந்தது.

வெர்னாவின் ரப்பர் செருப்பு. உள்ளே ஈரம் மினுங்கியது.

குனிந்தேன். தண்ணீருக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. என் கணுக்காலை ஒரு கை பிடித்தது. நகமில்லாத விரல்கள். அதுவரைக்கும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த நொடி நான் தண்ணீருக்குள் இருந்தேன். இதமான வெந்நீர். தலையை வெளியே எடுத்துக் கத்த வாயைத் திறந்தபோது, மேலே என் குரலே கேட்டது. தெளிவாக, நிதானமாக.

"காலி!"

அழுத்தாதடா, தோளைத் தொடவில்லையே, அழுத்த மாட்டான் என்று நினைத்தேன்.

மோட்டார் ஓடத் தொடங்கியது.

விரிப்பு என் தலையைத் தள்ளித் தண்ணீருக்குள் அமுக்கியது. நீல இருட்டு. முகத்தை அண்ணாந்து மூக்கை விரிப்போடு ஒட்டினாலும் மூச்சுவிட இடமில்லை. அடித்தேன். கீறினேன். விரலில் பழைய கீறல்கள் தட்டுப்பட்டன. அவள் கீறிய அதே இடம். பக்கத்தில் யாரோ என்னோடு சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆர்வில்தான் பார்த்திருக்கிறார். விரிப்பு மேடுதட்டி அசைவதைப் பார்த்து, தடியால் தரையில் அடித்துக் கத்தியிருக்கிறார். ஹசிந்தோ பொத்தானைத் திருப்பியிருக்கிறான். விரிப்பு பாதியில் சிக்கி நின்றுவிட்டது. அவன் யோசிக்கவில்லை, அந்தத் திறப்பு வழியே குதித்து விரிப்புக்கடியில் நீந்தி வந்து என் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் வெளிச்சத்தில் தலையை நீட்டினோம்.

"நீ தொட்டியேக்கா" என்றான், மூச்சுவாங்க. "தோளைத் தொட்டியே. கை ஈரமா இருந்துச்சேக்கா…"

என்னைக் கரைமேல் தள்ளினான். ஆர்வில் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் திரும்பிக் கையை நீட்டினேன்.

மோட்டார் ஓடியது.

பொத்தானருகில் யாரும் இல்லை. நானும் ஆர்விலும் ஆழப் பக்கம் கிடந்தோம். விரிப்பு ஓடி வந்து என் தம்பியின் தலைமேல் மூடிக்கொண்டது. நான் ஓடிப் போய்ப் பொத்தானைக் குத்தினேன், மின்சாரத்தை நிறுத்தினேன், விரிப்பின்மேல் தவழ்ந்து போய்ப் பல்லால் கடித்தேன். எனக்குக் கீழே அவன் கை அடித்துக்கொண்டே இருந்தது. எங்கே அடித்தானோ அங்கே என் உள்ளங்கையை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிட்டது.

தீயணைப்பு ஆட்கள் வந்து விரிப்பை வெட்டினார்கள். அதன் பிறகு ஆர்வில் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து என்மேல் போர்த்தினார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை என் பெட்டியில் இருந்ததை, அவள் வெளியே வரவே இல்லை என்பதை, சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதை.

அவர் வெர்னாவின் தொப்பியைத் தடவினார்.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா, நான் இங்க வந்தே இருக்க மாட்டேனேம்மா" என்றார். "என்கூடத்தானே அவ வந்தா."

 விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஊர்போய்ச் சேர்ந்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

போலீஸிடமும் சொன்னேன். தம்பி போன துக்கத்தில் உளறுகிறாள் என்று காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். எழுதியதை யாரும் மாற்றவில்லை.

வேலையை விட்டுவிட்டேன். ஹோட்டலுக்குப் பின்னால் ஓடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நானும் ஹசிந்தோவும் இருந்த அதே வீட்டில்தான் இருக்கிறேன். அவன் சட்டைகளை இன்னும் எடுக்கவில்லை. பழக்கதோஷம், நாலரை மணி ஆனால் என் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. கையால் பொத்திப் பார்த்தேன், துணியை வைத்து அடைத்துப் பார்த்தேன், முடியவில்லை. பூட்டிய வீட்டுக்குள் நின்றுகொண்டு கத்துகிறேன்.

"யாராச்சும் இருக்கீங்களா?"

இரண்டு முறை ஒன்றும் இருக்காது. மூன்றாவது முறை கத்தியதும் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து 'கீ…' என்று கேட்கும். வெந்நீர்க் குழாயை நான் திறந்திருக்க மாட்டேன். கதவின் கீழே ஆவி வரும்.

பிறகு ஒரு ஈரக் கை என் தோளைத் தொடும்.

"காலிக்கா."