திறந்தபடி நின்ற மூடி

இதில் எவ்வளவு அவள் சொன்னது, எவ்வளவு நானே பிற்பாடு நிரப்பிக்கொண்டது என்று எனக்கு உறுதியில்லை. ஆய்வகத்தில் நுண்ணோக்கியை இயக்குபவன் நான். அவள் ஆராய்ச்சியாளர், அக்கா என்று கூப்பிடுவேன். அன்று மதியம்வரை பக்கத்து நாற்காலியில் இருந்தேன். பிறகு நடந்ததைக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தணிந்த குரலில், ஒரே ஒரு முறை சொன்னாள்.

குப்பையை அழிக்கும் வேளை அது. புரதத்தை மெல்லிய பனிக்கட்டியில் உறையவைத்து லட்சக்கணக்கில் படமெடுப்போம். ஒரே சாயல் உள்ளவற்றைக் கணினி தனித்தனிக் குவியலாக்கும். எதிலும் சேராதவை கடைசிக் குவியலில் விழும். அதற்குத்தான் குப்பை என்று பெயர். பார்க்காமலே அழித்துவிடுவது எங்கள் வழக்கம். அன்று விரலைப் பொத்தான்மேல் வைத்த பிறகு குவியலின் ஓரம் அவள் கண்ணில் பட்டது. குப்பை என்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கோணிக்கொண்டிருக்கும். இவை எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

அந்தப் புரதத்தை அவளுக்கு ஆறு வருடமாகத் தெரியும். தசையிலும் சிறுநீரகத்திலும் ரத்த அணுக்களிலும் இருப்பது. அதன் உச்சியில் ஒரு பள்ளம். பள்ளத்தின்மேல் கீல் வைத்ததுபோல ஒரு மூடி. உடம்பு அனுப்பும் சிறு மூலக்கூறு வந்து தொட்டதும் மூடி கண்ணிமைப்பதற்குள் திறந்து மூடும். இறுகிய தசைக்கு ‘போதும், விடு’ என்று செய்தி போகும். எங்கோ தொலைவில் ஏழெட்டுப் பேரைக் கொன்ற, நாங்கள் ஆராய்ந்துவந்த ஒரு வைரஸின் நுனி, அச்சு அசலாக அந்த மூலக்கூறின் வடிவில் இருந்தது. புரதத்துக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. வீட்டுக்காரன்தான் வந்திருக்கிறான் என்று நம்பித் திறக்கும். நுழைந்தவன் அதை மறுபடி மூட விடுவதில்லை; ‘விடு’ என்ற செய்தியும் தசைக்குப் போவதில்லை.

திரையில் எல்லா மூடிகளும் திறந்திருந்தன.

மாதிரிக் குழாய் மாறிவிட்டது என்று நினைத்தாள். அதில் ஒட்டிய சீட்டை என்னைப் பார்க்கச் சொன்னாள். மாறவில்லை. வைரஸின் நுனி கலக்காத, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மாதிரி. அதற்கு ஆரோக்கியமான ஓர் ஆளின் ரத்தம் வேண்டும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று ஆரம்பத்திலிருந்தே அவள் ரத்தத்தைத்தான் எடுத்துவந்தோம்.

“உங்க ரத்தம்தான்க்கா” என்றேன்.

பம்பின் சீரான முனகலும், குளிர்ந்த உலோகத்தின் வாடையும், விளக்கணைத்த அறையில் திரையின் சாம்பல் வெளிச்சமும் அவளைச் சுற்றி நெருங்கி வந்தனவாம். பழைய மாதங்களின் படங்கள் இல்லை, அழித்திருந்தோம். குப்பையின் எண்ணிக்கை மட்டும் பதிவில் இருந்தது. மாதாமாதம் ஏறிக்கொண்டே வந்திருந்தது. ஒரே ஒரு மாதத்தைத்தான் கேட்டாள். போன மாதம். வாசித்தேன்.

போன மாதம்தான் தன் சிறுநீரகம் ஒன்றை அவள் அண்ணனுக்குக் கொடுத்திருந்தாள். மருத்துவமனையில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். ரத்தத்தில் எதுவும் தென்படவில்லை. புதிய உறுப்பை உடம்பு தள்ளிவிடாமலிருக்க, அவருடைய எதிர்ப்புச் சக்தியை மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்திருந்தார்கள்.

போன் செய்தாள். அவர் வழக்கம்போலக் கேலி பேசினார். “உன் கிட்னி உன்ன மாதிரியேதான் பாப்பா. தூங்கவிடாம எழுப்பி எழுப்பி விசாரிக்குது.” கை கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

“காலையில டம்ளரைக் கீழ வெச்சிட்டேன்னு நெனச்சேன். பாத்தா கையிலயே இருக்கு. உங்க அண்ணிதான் ஒவ்வொரு விரலா பிரிச்சு எடுத்தா.”

நாற்பது நிமிடப் பயணம். வழியில் எதையும் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. கதவு தாழிடாமல் சாத்தியிருந்தது. உள்ளே நல்ல வெயில் விழுந்திருந்தது. சமையலறையில் தண்ணீர் வற்றிய பாத்திரம் அடுப்பில் காய்ந்து, சுட்ட உலோகத்தின் நெடி வீடெங்கும் பரவியிருந்தது. அடுப்பை அணைத்தாள். வீடு அமைதியானது. அண்ணி என்று கூப்பிட்டாள். படுக்கையறையிலிருந்து மூச்சுச் சத்தம் வந்தது. இரண்டு பேருடையது.

அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். அண்ணி நாற்காலியில். அவர் கை அண்ணியின் மணிக்கட்டைப் பற்றியிருந்தது. அதற்குக் கீழே அண்ணியின் விரல்கள் நாவல்பழ நிறம்.

“விடணும்னுதான் நெனக்கிறேன் பாப்பா” என்றார் அவர், தப்பு செய்த பிள்ளையைப் போல. “கைக்குத் தெரியல.”

அவள் மண்டியிட்டாள். சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தாள். கல். மோதிரவிரல். கல்.

பிடிபடாத கையால் சேர்ந்து இழுக்கும்படி அண்ணியிடம் சொன்னாள். அண்ணி அசையவில்லை. அந்தக் கை நாற்காலியின் பிடியில் இருந்தது. முட்டிகள் வெளுத்திருந்தன.

“இதுவும் வரமாட்டேங்குது” என்றாள் அண்ணி.

நான்காம் நாள் அண்ணன் மூச்சை உள்ளே இழுத்தார். மார்பு அதை வெளியே விடவில்லை. அண்ணி ஆறாம் நாள் இறந்தாள். பிரிக்க முடியாததால் இருவரையும் ஒரே பெட்டியில் வைத்தார்கள். ஆய்வகம் பூட்டப்பட்டது. தொற்று பரவாமலிருக்க அடைத்த கண்ணாடி அறையில் அவள் இருக்கிறாள். ஒரு குறையும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நான் இதை இடது கையால் எழுதுகிறேன். வலது கை காலையிலிருந்து சன்னல் கம்பியில் இருக்கிறது.