பஞ்சின் ஓரத்தில் பச்சை

ஆய்வகத்து ஜன்னல் மூடிக்கொண்டிருந்தது. அவள் நனைந்த கையை உள்ளே நுழைத்தாள்.

"ஐயோ, விரல்!" உள்ளே இருந்தவன் கதவைப் பிடித்துக்கொண்டான். "ஒரு மணிக்கு மேல வாங்கறதில்ல மேடம்."

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுட்டுக் கடிகாரத்தைப் பாருங்க."

துடைத்தான். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இமையில் மழைத்துளி நிற்க, பயந்திருந்த இரண்டு கண்களைப் பார்த்தான்...

அவள் நீட்டிய குழாயில் அப்பாவின் கால் புண்ணிலிருந்து எடுத்த சீழ்ப் பஞ்சு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். ஓரத்தில் பச்சை.

"புண்ணுல இலை, தழை ஏதாவது வச்சீங்களா?"

"நான் இங்க குழந்தைகள் வார்டு நர்ஸ். எனக்கே பாடமா?"

"இல்ல, வீட்டுல வேற யாராவது..."

"யாரும் வைக்கல."

விறுவிறுவென்று நடந்தாள். கண்டதை அரைத்துப் பூசாதீர்கள் என்று தினமும் தாய்மார்களைத் திட்டுகிறவள் அவள். அதே கைதான் ஆறு நாளாக, சர்க்கரை அரித்த அந்தக் காலில் இலையை அரைத்துப் பற்றுப் போட்டது. மாத்திரைகளுக்குப் புண் ஆறவில்லை. வேறென்ன செய்வாள்?

"எந்தக் கிருமின்னு தெரிஞ்சா சரியான மருந்து போடலாம்," என்றிருந்தார் டாக்டர். "இல்லேன்னா வெள்ளிக்கிழமை பாதத்தை எடுத்துடணும்."

"இனி ஒத்தைச் செருப்பு போதும்," என்று அப்பா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கட்டுக்குள்ளிருந்து வரும் வாடை அடுத்த இரண்டு நாளும் அவள் மூக்கைவிட்டுப் போகவில்லை.

புதன்கிழமை மதியம் ஆய்வகத்துக்காரன் வீடு தேடி வந்து அப்பாவின் கட்டிலருகே நின்றான். சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கையில் புதுக் குழாய், ஒரு தாள்.

"கிருமி வளர்க்கற தட்டுல ஒண்ணுகூட வளரல. இவ்வளவு சீழுக்கு அது நடக்காது. புண்ணை நல்லாக் கழுவி, ஆழத்துல இருந்து மறுபடி எடுக்கணும்."

தாளை வாங்கிப் படித்தாள். 'மறுபடி சீழ் எடுக்க வேண்டும். காரணம்: ஆய்வகத்தின் கவனக்குறைவு.'

"இது பொய்."

"ஆமா."

"உங்களுக்கு மெமோ குடுப்பாங்களே!"

"குடுக்கட்டும்." குரலைத் தாழ்த்தினான். "மூணு வருஷமா இலைச்சாறுதான் என் ஆராய்ச்சி. தட்டுல கிருமியை நிறுத்தற இலை உண்டு. உங்க இலை பஞ்சுல இருந்ததை நிறுத்திடுச்சு. காலுக்குள்ள இருக்கறதை நிறுத்தல."

தெரிந்தேதான் வந்திருக்கிறான்... பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு.

பேனாவை எடுத்தாள். அவன் எழுதியதை அடித்தாள். 'மகள் ஆறு நாள் இலைப் பற்றுப் போட்டாள். கேட்டபோது மறைத்தாள்.' கையெழுத்துப் போட்டாள். சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் படித்துவிடும்.

கட்டைப் பிரித்து, கழுவி, பஞ்சை ஆழத்தில் தொட்டு எடுத்தாள். அவன் குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டான்.

"தம்பி," என்றார் அப்பா, இருவரையும் மாறி மாறிப் பார்த்து. "எப்படியாவது அந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சிடுப்பா. ரெண்டு செருப்பும் வேண்டியிருக்கும் போல."

"அப்பா!"

வராந்தா வரை கூடவே வந்தாள். மழை விடவில்லை.

"பயமா இருக்கு," என்றாள். இதுவரை யாரிடமும் சொல்லாதது.

"எனக்கும்தான். அன்னைக்கு ஜன்னல்ல கை வச்சீங்களே... அப்பயிருந்து." குழாயைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். "வெள்ளிக்கிழமை காலையில எதுவா இருந்தாலும் முதல்ல உங்ககிட்ட வந்து சொல்றேன்."

படியிறங்கினான்.

"அதுவரைக்கும் தனியா பயப்பட என்னால முடியாது," என்றாள் அவன் முதுகைப் பார்த்து. "சாயங்காலமும் வாங்க..."