வெறும் பாத்திரம்

ஆப்பிள் கேக் மறுபடியும் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு உபசாரி இயந்திரம் பனியில் சறுக்காமல் மூன்று காலில் நின்று கண்ணாடிப் பாத்திரத்தை நீட்டியது. வடிவு வாங்கிக்கொண்டாள். அவள் திரும்புவதற்குள் இவர்கள் வீட்டு உபசாரி அடுப்பில் ரவையை வறுக்கத் தொடங்கியிருந்தது.

நார்வேயின் அந்தப் புறநகரில் பக்கத்து வீட்டார் முகத்தை யாரும் பார்த்ததில்லை. குளிர் ஒரு காரணம், கூச்சம் அதைவிடப் பெரிய காரணம். ஜனங்கள் தனிமையில் நொந்துபோவதைக் கண்ட நகராட்சி வீட்டுக்கொரு உபசார இயந்திரத்தைக் கொடுத்தது. நலம் விசாரிப்பது, பலகாரம் கொடுத்து வாங்குவது எல்லாம் அதன் பாடு. உறவு தழைத்தது. மனிதர்கள் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வடிவின் கணவர் குமரகுருபரன் அந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். பாளையங்கோட்டையிலிருந்து வந்து இறங்கிய நாள்முதல் பண்பாட்டைத் தோளில் சுமப்பதாக நினைப்பு. காய்கறிப் பையைச் சுமப்பவள் வடிவு. உபசாரி வந்த அன்றே அதற்குப் பாடம் எடுத்துவிட்டார்: வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது. பக்கத்து வீட்டு உபசாரிக்கோ வேறு பாடம்: எது வந்தாலும் நன்றிக்கு ஒரு கேக். இரண்டு மரியாதைகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. இலையுதிர் காலத்தில் ஒரே ஒரு கேக்கில் ஆரம்பித்தது, பனி கொட்டியும் நின்றபாடில்லை.

"பாத்தியா வடிவு, நம்ம கேசரிக்கு வெள்ளக்காரி எப்படி விழுந்துட்டான்னு," என்றார் கேக்கை மென்றபடி. நகராட்சியின் நல்லுறவுப் பட்டியலில் அவர்கள் தெருவுக்குத்தான் முதலிடம். விருது விழாவுக்கு உரை தயாராகிக்கொண்டிருந்தது.

"அந்தம்மா பேரென்னங்க?"

"அது எதுக்கு இப்ப?"

வடிவு கடைசியாக ஒரு வெளியாளிடம் மனம்விட்டுப் பேசியது இங்கே வந்த விமானத்தில், பக்கத்து இருக்கைக்காரியிடம். ஐந்து வருஷமாயிற்று. சங்கம், விருது எதுவும் அவளுக்கு வேண்டாம். பேச ஒருத்தி போதும்.

"நான் ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரட்டா?"

"சொல்லாம கொள்ளாம போனா இங்க அநாகரிகம். மானத்த வாங்காத."

அவர் உரையோடு மாடிக்குப் போனதும், வடிவு பாத்திரத்தைக் கழுவித் துடைத்து உபசாரியிடம் நீட்டினாள். "இத அப்படியே குடுத்துட்டு வா."

"வெறும் பாத்திரம் தருவது தமிழர் பண்பன்று," என்றது அது, குமரகுருபரன் குரலில்.

"குரலையும் குடுத்துருக்காரா மனுசன்," என்று முனகிக்கொண்டே அவருடைய பூட்ஸை மாட்டிக்கொண்டு தானே கிளம்பினாள்.

பக்கத்து வீட்டு வாசலில் அவர்களுடைய உபசாரி மறித்தது. "பாத்திரத்தில் ஒன்றுமில்லையே. ஏதாவது மனக்கசப்பா?"

அதை ஒதுக்கிவிட்டு, கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண் எட்டிப்பார்த்தாள். வடிவின் வயதுதான் இருக்கும். அவள் சொன்னதை வடிவின் காதிலிருந்த மொழிபெயர்ப்பி தமிழாக்கியது; அவள் காதிலும் அதுபோல ஒன்று இருந்தது.

"காலியா?"

வடிவு பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினாள்.

அந்தப் பெண் கதவுநிலையில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள். "எனக்குச் சர்க்கரை நோய். வேண்டாமென்றால் உங்கள் மனம் புண்படும் என்று இது என்னை மிரட்டிக்கொண்டே இருந்தது."

"எங்க வீட்டுக்காரருக்கும் சர்க்கரைதான். பண்பாட்டுக்காக உங்க கேக்கத் தின்னுட்டு மாத்திரை போடுதாரு."

"நான் ஒரு கேக்கும் சுட்டதில்லை."

"நான் மட்டும் கேசரி கிண்டுனேனாக்கும்?"

தன் பேர் பெரித் என்றாள் அந்தப் பெண். கறுப்புக் காப்பி, சர்க்கரை இல்லாமல், சம்மதமா என்று கேட்டாள்.

மாடியில் குமரகுருபரனின் மணிக்கட்டில் கட்டியிருந்த கருவி அலறியது. 'பக்கத்து வீட்டுடன் உங்கள் உறவு முறிந்தது. காரணம்: வெறும் பாத்திரம். உங்கள் தெரு பட்டியலில் கடைசி இடத்துக்கு இறங்கியுள்ளது.'

தலையில் இடி விழுந்தவர்போலக் கீழே ஓடிவந்தவர், சுடச்சுடக் கேசரித் தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கினார். மன்னிப்புக் கேட்க இரண்டு திருக்குறள் தயாராக இருந்தன. கிட்டே போனபோது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். ஒன்று தெரியாத குரல். இன்னொன்று வடிவுடையது என்று கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கதவைத் தட்டினார். வடிவுதான் திறந்தாள். நடுங்கிக்கொண்டு நின்ற கணவரைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள்.

"அத வெளியவே வச்சிட்டு உள்ள வாங்க."