முன்னால் நிற்பது என் சம்சாரம்

சேர்வராயன் மலைவாழ் பொதுமக்களுக்கும் உலக நாடுகளின் தலைவர்களுக்கும் ஒரு மாபெரும் செய்தி: நாகலூர் எஸ்டேட் மேனேஜர் திருவாளர் மரியஜோசப் அவர்கள், தமது நாற்பத்தேழாம் வயதில், மலேசியாவில் தங்கை கையால் பத்து நாள் சோறு உண்டு, கல்யாணக் கோட்டும் தைத்து வாங்கிக்கொண்டு, பாரத மண்ணில் பத்திரமாகக் கால் பதித்தார்.

மண் என்பது மரியாதைக்காக. பதித்தது விமான நிலைய பாஸ்போர்ட் வரிசையின் வால்நுனியில்.

ஏற்காட்டு மலைப்பாதைக்குப் போட்டியாக நாடா கட்டி வளைத்து விட்டிருந்தார்கள். இருபது கவுண்டர்களில் நான்கில்தான் ஆள். அந்த நால்வரில் ஒருவர் டீ குடிக்கப் போனார். இலை பறிப்பதிலிருந்தே ஆரம்பித்துவிட்டார் போலும், திரும்பவில்லை. எட்டு மணிக்கு வந்து நின்ற மரியஜோசப், பத்தரை மணிக்கு ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு முன்னேறியிருந்தார்.

மாலை ஐந்தரைப் பூசைக்கு அவர் நாகலூர் கோயிலில் இருந்தாக வேண்டும். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலையில் அன்று மூன்றாவது. கடைசி வாசிப்பில் மாப்பிள்ளை, பெண் இருவரும் எதிரில் நிற்க வேண்டும் என்பது பங்குச் சாமியாரின் கண்டிப்பு. மறுநாள் கல்யாணம். தவறினால் புதன்கிழமை தவக்காலம் பிறந்துவிடும். அப்புறம் ஈஸ்டர் வரை பேச்சில்லை. மரியஜோசப் ஏற்கெனவே கல்யாணத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டவர். "இந்தத் தடவையும் வரலைன்னா, இனி நீங்க வரவே வேண்டாமுங்க," என்று மணப்பெண் இன்பமேரி டீச்சர் போனில் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

டிரைவர் முருகன் வெளியிலிருந்து போனில் அழைத்தான். "ஏனுங்க சார், இப்பக் கெளம்புனாத்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாமுங்க."

எஸ்டேட்டில் தினமும் காலையில் ஆட்களை நிறுத்தி, 'வரிசைதான் நாகரிகம்' என்று அரைமணி நேரம் உரையாற்றுகிறவர் மரியஜோசப். அவர்தான் நாடாவைத் தூக்கிக் குனிந்து நுழைந்தார்.

"ஏனுங்க, நாங்கெல்லாம் நேர்த்திக்கடனுக்கா நிக்கறோம்?" என்றார் ஒரு பெரியவர்.

கவுண்டருக்குப் பக்கத்தில், முதுகு காட்டி ஒரு பெண் தனியாக நின்றிருந்தாள். பழுப்பு ஸ்வெட்டர், தலையில் முக்காடு. மரியஜோசப் கையை நீட்டினார்.

"முன்னாடி நிக்கறது என் சம்சாரமுங்க. ஒண்ணாத்தான் வந்தோம்."

நூறு பேர் முணுமுணுத்துக்கொண்டே வழிவிட்டார்கள்.

அவளுக்குப் பின்னால் போய் நின்றார். வெயிலையே பார்க்காத கம்பளியின் ஈரவாடை அடித்தது. அவள் திரும்பவில்லை.

அவர் முறை வந்தபோது முன்னால் அவளைக் காணோம். அதிகாரி நிமிர்ந்து அவருடைய தோளுக்குப் பக்கத்தில் பார்த்தார். "சம்சாரமா?"

இல்லை என்றால் பின்னால் நிற்கும் நூறு பேரும் கோட்டைக் கிழித்துவிடுவார்கள்.

"ஆமாங்க."

முத்திரை விழுந்தது. டக்.

இன்னொரு முறையும் விழுந்தது. டக்.

மரியஜோசப்பின் கையில் ஒரு பாஸ்போர்ட்தான் வந்தது.

அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. காரின் பின் கதவைத் திறந்து, பையைத் தள்ளி, கௌரவம் குறையாமல் பின் இருக்கையில் சாய்ந்தவர், மலை அடிவாரச் செக்போஸ்ட்டில்தான் கண் விழித்தார். போலீஸ்காரர் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"எத்தனை பேருப்பா?"

"மூணு பேருங்க," என்றான் முருகன்.

வண்டி நகர்ந்தது.

"ரெண்டு பேர்தானே முருகா?"

முருகன் கண்ணாடியில் பார்த்தான். "அம்மாவ உட்டுட்டீங்களே சார். பாவம், நொம்ப அசந்து தூங்கறாங்க."

மரியஜோசப் மெதுவாகப் பக்கத்தில் திரும்பினார்.

யாருமில்லை.

ஆனால் இருக்கையின் மெத்தை அமுங்கியிருந்தது.

மாசி மாதத்தில் அந்த நேரத்துக்கு மூட்டம் இறங்குவதில்லை. அன்று இறங்கியது. சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் போய் ஒளிந்தன. எஞ்சின் முனகலைத் தவிர மலையில் வேறு சத்தமில்லை. மூடிய காருக்குள் ஈரக் கம்பளி வாடை ஏறிக்கொண்டே வந்தது. முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பியது.

அவர் தோளில் ஒரு பாரம் சாய்ந்தது.

வளைவு முடிந்ததும் விலகியது. அடுத்த வளைவில் மறுபடி சாய்ந்தது. அதற்கடுத்ததில் விலகவில்லை.

இருபது வளைவுகள். மரியஜோசப் ஒவ்வொன்றையும் எண்ணினார்.

பதினான்காவதில் கேட்டார்: "யாருங்க நீங்க?"

காதுக்குள் காற்றுப்போல வந்தது பதில்.

"நீங்கதானுங்களே சொன்னீங்க."

பதினைந்தாவது வளைவில் அதே குரல்:

"அந்த வரிசைல நொம்ப வருசமா நின்னுட்டிருந்தனுங்க. ஒருத்தரும் கூப்புடலைங்க."

கோயில் வாசலில் இன்பமேரி நின்றிருந்தாள். மணி ஐந்து இருபத்தைந்து. அவரைக் கண்டதும், இரண்டு வருடக் கோபமும் தீர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவர் தோளுக்குப் பக்கத்தில் வந்து பாதியில் நின்றது.

"கூட வர்றது யாருங்க?"

"யாருமில்லைங்க, உள்ள போலாம்," என்று அவர் அவசரமாக நடந்தார்.

பூசை முடிவில் சாமியார் ஓலையை வாசித்தார். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள்..."

பெண்கள் பக்கம் ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது.

கோயிலே திரும்பியது. எல்லாரும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். மரியஜோசப்பின் கண்ணுக்கு அங்கே வெறும் பெஞ்சுதான் தெரிந்தது.

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "சொல்லும்மா," என்றார்.

மெழுகுவத்திகள் ஆடாமல் எரிந்தன. சாமியார் தலையை ஆட்டியாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கிழவி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். மரியஜோசப்புக்கு மட்டும் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"மரியஜோசப்," என்றார் சாமியார். "நூறு பேர் முன்னாலயும், சர்க்கார் அதிகாரி முன்னாலயும், இவங்கள உங்க சம்சாரம்னு சொன்னீங்களாமே, நெசமா?"

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க," என்று இன்பமேரி மிக மெல்லச் சொன்னாள். "எனக்கு அது போதுமுங்க."

ஒரே ஒரு வரிதான் சொல்ல வேண்டும். வரிசையில் முந்தப் பொய் சொன்னேன் என்று. மரியஜோசப் வாயைத் திறந்தார். எதிரே, காலைதோறும் அவர் உரைக்குக் கால்கடுக்க நின்ற எஸ்டேட் ஆட்கள் மொத்தப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முன் பெஞ்சில் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் செபாஸ்டின், காதைக் கொஞ்சம் முன்னால் நீட்டியபடி.

மரியஜோசப் தொண்டையைச் செருமினார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சொன்னது உண்மைதானுங்க ஃபாதர். ஆனா அதுக்கு ஒரு பின்னணி இருக்குது..."

பின்னணிக்காக இன்பமேரி காத்திருக்கவில்லை. அவள் செருப்புச் சத்தம் கோயில் படிகளில் இறங்கி மூட்டத்துக்குள் தேய்ந்தது.

மரியஜோசப்பின் தோளில் மெல்ல ஒரு பாரம் சாய்ந்தது.

மறுநாள் காலை, கல்யாணம் நடந்திருக்க வேண்டிய நேரத்தில், பங்களாவில் சமைக்கும் கண்ணாயி தட்டில் இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஒன்றை அவர் பக்கமும், மற்றொன்றைக் காலியான எதிர் நாற்காலிப் பக்கமும் நகர்த்தினாள்.

"இதுல சர்க்கரை போடலைங்க. அம்மா வேண்டாம்னுட்டாங்க."

மரியஜோசப் எதிரில் இருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் காப்பி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

அவர் தம் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். காப்பி நன்றாகத்தான் இருந்தது.